மூன்று மொழிப் பெயர்ப் பட்டியலுக்கு எந்தக் கோட் பேஜ்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கொழும்பு புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் வாடிக்கையாளர் பட்டியல். பெயர்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. விஷுவல் பேசிக்கில் எழுதிய பழைய புரோகிராம், அதற்குப் பின்னால் எஸ்கியூஎல் சேர்வர் என்ற டேட்டாபேஸ். இப்போது எல்லாவற்றையும் மைஎஸ்கியூஎல் 8 என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். திறந்து பார்த்தால் ஒரே கொலத்தில் (நிரலில்) சில பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக இருக்கின்றன, சில விசித்திரமான ஐரோப்பிய எழுத்துகளாக இருக்கின்றன, சில அர்த்தமில்லாத ஆங்கிலமாக இருக்கின்றன. "எந்தக் கோட் பேஜை வைத்தால் மூன்று மொழியும் சரியாகத் தெரியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி ஒரு கோட் பேஜ், அதாவது எண்ணுக்கு எழுத்தைப் பொருத்தும் அட்டவணை, இல்லை. ஆனால் உங்கள் பட்டியலில் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடலாம். அதற்கு ஒரே நிபந்தனை: எதையும் திருத்தும் முன், உள்ளே கிடக்கும் பைட்டுகளை, அதாவது கணினி சேமித்து வைத்திருக்கும் எண்களை, பாருங்கள். திரையில் தெரிவதை நம்பி யாராவது "சரிசெய்ய"ப் போனால், மீட்கக்கூடியதும் மீட்க முடியாததாகிவிடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொழும்பில் நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், கடிதங்களில் தமிழ்ப் பெயர்கள் ஒருநாள் திடீரென்று கேள்விக்குறிகளாக அச்சாகி வந்தன. யாரோ அந்த நிலையிலேயே பட்டியலைச் சேமித்துவிட்டார்கள். பெக்கப் ஒரு வாரத்துக்குத்தான் இருந்தது, பிழை கண்ணில் பட்டபோது அதற்கு மேல் ஆகியிருந்தது. வயதான ஒருவர் அந்தக் கடிதத்தோடு வந்து, "இதில் என் பெயர் எங்கே பிள்ளை?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் அவசரப்படுவதில்லை.

கோட் பேஜ் ஏன் உதவாது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்ற காலத்தில் மொத்தம் 256 இடங்கள்தான். முதல் 128 ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் போய்விடும். மேல்பாதி 128-ஐ ஒவ்வொரு மொழிக்கும் வெவ்வேறு விதமாக நிரப்பினார்கள், அப்படி ஒரு நிரப்பல்தான் ஒரு கோட் பேஜ். மேற்கு ஐரோப்பாவுக்கு 1252, ரஷ்ய எழுத்துக்கு 1251, இப்படி. தமிழுக்கோ சிங்களத்துக்கோ விண்டோஸ் இப்படி ஒரு முறைமைக் கோட் பேஜ் தரவே இல்லை, இரண்டும் அதில் யூனிக்கோட்டாகவே, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரமாகவே வந்தன. இந்தியாவின் இஸ்கி தரத்தில் தமிழ் உண்டு, விண்டோஸ் அதற்கு 57004 என்று எண்ணும் கொடுத்திருக்கிறது, ஆனால் அது மாற்றிக்கொள்வதற்கு மட்டும். இஸ்கியில் சிங்களம் கிடையாது. ஆகவே ஒரே வரியில் மூன்று மொழி வரும் நம் நாட்டுப் படிவத்துக்கு அந்த வழி தொடக்கத்திலேயே அடைபட்ட வழி. 65001 என்று ஒரு எண்ணை நீங்கள் பார்த்திருக்கலாம். அது யூனிக்கோட் எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறைக்கு விண்டோஸ் வைத்த எண், பெயர்தான் கோட் பேஜ்.

யூனிக்கோட்டில் தமிழ் 1991-இல் முதல் பதிப்பிலேயே இருந்தது. சிங்களம் 1999-இல் 3.0 பதிப்பில் சேர்ந்தது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரையும், சிங்களத்துக்கு 3456 முதல் 3583 வரையும் இடம். வழக்கமாக இவற்றைப் பதினாறின் அடியில் எழுதுவார்கள், நான் இங்கே எல்லா எண்ணையும் சாதாரணப் பத்தின் அடியில் தருகிறேன்.

சரி, உங்கள் கொலத்துக்கு வருவோம். அது வார்சார் (கோட் பேஜ்படி எழுத்தை வைக்கும் வகை) கொலம், கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும், வரிசைப்படுத்தும் விதி) லத்தீன்1 என்று எழுதியிருக்கிறீர்கள். விண்டோஸ் ஆங்கிலத்தில் இருந்ததால் எஸ்கியூஎல் சேர்வர் நிறுவும்போதே 1252-ஐ எடுத்துக்கொண்டிருக்கும். அந்தக் கொலத்துக்குள் மூன்று காலத்துப் பெயர்கள் மூன்று வழியாக வந்திருக்கின்றன.

முதலாவது, கேள்விக்குறிகள். யூனிக்கோட் தமிழை ஒரு புரோகிராம் 1252-க்கு மாற்ற முயன்றிருக்கிறது. அதில் தமிழுக்கு இடமே இல்லாததால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டது. இங்கே பைட்டைப் பார்த்தால் 63, 63, 63 என்றுதான் இருக்கும், 63 என்பது கேள்விக்குறியின் எண். அதாவது பெயர் அங்கே இல்லை. எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. பழைய விஷுவல் பேசிக்கின் சொந்தப் பெட்டிகள் யூனிக்கோட் தெரியாதவை என்பதால் சில அங்கேயே போயிருக்கும். இன்னொரு காரணம் இன்றும் பலரைப் பிடிக்கிறது: கொலத்தை யூனிக்கோட் ஏற்கும் என்வார்சார் ஆக மாற்றிய பிறகும், கட்டளையில் மேற்கோள் குறிக்கு முன்னால் 'என்' என்ற ஆங்கில எழுத்தைப் போடாவிட்டால், எஸ்கியூஎல் சேர்வர் அந்தப் பெயரை முதலில் டேட்டாபேஸின் கோட் பேஜுக்கு மாற்றிவிட்டுத்தான் கொலத்தில் வைக்கும். வீடு பெரிதாகியும் வாசல் சின்னதாகவே இருப்பது போல.

இரண்டாவது, ஐரோப்பிய எழுத்துக் குவியல். இதுதான் நல்ல செய்தி. இவை பின்னாளில் வந்த வெப் படிவத்தின் வழி உள்ளே போனவையாக இருக்கும். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. 1252-இல் 224 என்றால் தலையில் சாய்ந்த கோடு போட்ட சிறிய ஆங்கில 'ஏ', 174 என்றால் வட்டத்துக்குள் ஒரு 'ஆர்', 175 என்றால் ஒரு மேல்கோடு. ஆகவே கோடு போட்ட 'ஏ'யும் வட்ட 'ஆர்'உம் மாறி மாறி வந்தால் அது தமிழ். சிங்களத்தில் இரண்டாவது பைட் 182 அல்லது 183. 182 என்பது வேர்ட் மென்பொருளில் பந்தி முடிவைக் காட்டும் குறி, 183 நடுவில் ஒரு புள்ளி. பந்திக்குறி நிறைய வந்தால் அது சிங்களம். ஒரு மொழியும் தெரியாதவர்கூட இதை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம்.

இந்த வகையை மீட்க, கொலத்தைப் பைட்டாக எடுத்து யூடிஎஃப்-8 என்று வாசித்தால் போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே யாராவது இதை மைஎஸ்கியூஎல்-க்கு ஏற்றிப் பார்த்திருந்தால், அந்தக் கோடு போட்ட 'ஏ' தானும் ஒரு எழுத்தாகக் கருதப்பட்டு இன்னொரு முறை யூடிஎஃப்-8 ஆகியிருக்கும். முதல் பைட் 224 ஆக இருந்தால் ஒரு தடவைதான் பிசகியிருக்கிறது. முதல் இரண்டும் 195, 160 என்று இருந்தால் இரண்டு தடவை. அப்படியானால் முதலில் லத்தீன்1-க்கு, அதாவது 1252-க்குத் திருப்பி, அதை வெறும் பைட்டாக எடுத்து, பிறகு யூடிஎஃப்-8 என்று வாசிக்க வேண்டும்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1252-இல் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. நம் புள்ளி யூடிஎஃப்-8-இல் 224, 175, 141. உகரக் குறியின் கடைசிப் பைட் 129. ஏ-க்கு 143, ஐ-க்கு 144. மைஎஸ்கியூஎல் தன் லத்தீன்1-இல் இந்தக் காலி இடங்களையும் விடாமல் அப்படியே கொண்டுபோகும். சில மாற்றுக் கருவிகள் அந்தப் பைட்டை எறிந்துவிடும், அல்லது அங்கே கேள்விக்குறி வைக்கும். அப்படியான கருவி ஒன்றில் போட்டு எடுத்த பட்டியலில் மற்ற எழுத்தெல்லாம் வந்திருக்கும், புள்ளியும் உகரமும் ஏ, ஐ எழுத்துகளும் மட்டும் காணாமல் போயிருக்கும். இதே காலி இடங்கள் சிங்களத்தின் சில குறிகளையும் பாதிக்கும். இன்னொரு சிக்கலும் சிங்களத்தில் உண்டு. அதன் 'ச' எழுத்தின் கடைசிப் பைட் 160, 1252-இல் அது பிரியா இடைவெளி. 'த' எழுத்தின் கடைசிப் பைட் 173, அது கண்ணுக்குத் தெரியாத இணைகோடு. "தேவையில்லாத இடைவெளிகளை நீக்கு" என்று யாராவது ஓடவிட்டிருந்தால் சிங்களப் பெயர்களில் அந்த இரண்டு எழுத்தும் போயிருக்கும். ஆகவே இந்தக் கொலத்தில் எந்தச் சுத்திகரிப்பும் செய்யாமல் முதலில் மாற்றுங்கள், சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம்.

மூன்றாவது வகைதான் மிகப் பழையது, எனக்கு மிகவும் மதிப்புக்குரியதும்கூட. அர்த்தமில்லாத ஆங்கிலம் என்று நீங்கள் சொன்னது பெரும்பாலும் பாமினியாக இருக்கும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை அச்சகங்களில் வேலை செய்த எவருக்கும் இது கைப்பழக்கம். பாமினி ஒரு எழுத்துரு. உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து, அதன் படத்தை மட்டும் தமிழாக வரைந்திருக்கிறார்கள். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டினால் திரையில் 'தமிழ்' வரும். அரைப்புள்ளிதான் புள்ளி. டேட்டாபேஸைப் பொறுத்தவரை இது சுத்தமான ஆங்கிலம், ஆகவே ஒரு பைட்டும் கெடாமல் இருபது வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். அந்தக் காலத்தில் வேறு வழியில்லாமல் செய்தார்கள், ஆனால் பெயர்கள் தப்பிப் பிழைத்தன.

கெடுவது மற்ற இடங்களில். பாமினியில் சின்ன 'எம்' அ, பெரிய 'எம்' ஆ. உங்கள் கொலேஷன் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் ஒன்று என்று கருதும் வகை. ஆகவே அனந்தனும் ஆனந்தனும் அதற்கு ஒரே ஆள். ஒருவரைப் பதிந்த பிறகு மற்றவரைப் பதியவிடாமல் அது தடுத்தும் இருக்கலாம். பெயரின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் வசதி புரோகிராமில் இருந்திருந்தால், அனந்தன்கள் எல்லாரும் ஆனந்தன்கள் ஆகியிருப்பார்கள். அதைப்போல் பாமினியில் இகரம் என்பது காற்புள்ளி, ஈகாரம் என்பது 'சிறிது' என்ற கணிதக் குறி. காற்புள்ளியால் பிரித்த பைலாக ஏற்றுமதி செய்தால் இராசையாவும் இந்திராணியும் ஒரு கொலம் தள்ளிப் போய்விடுவார்கள், பெயர் இருந்த இடம் வெறுமையாகும், தொலைபேசி எண் முகவரியில் போய் உட்காரும். கட்டாயம் மேற்கோள் குறிக்குள் வைத்தோ, தாவல் குறியால் பிரித்தோ ஏற்றுமதி செய்யுங்கள்.

இன்னொன்று, எழுத்துக்கு எழுத்து மாற்றினால் பாமினி யூனிக்கோட் ஆகாது. பாமினியில் கொழும்பு என்று தட்ட முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. யூனிக்கோட்டில் முதலில் க, பிறகு ஒகரக் குறி ஒன்றாக. ஆகவே மாற்றும் புரோகிராம் கொம்பைத் தூக்கி மெய்க்குப் பின்னால் வைத்து, காலோடு சேர்த்து ஒன்றாக்க வேண்டும். இதைச் செய்யும் மாற்றிகள் நிறைய உண்டு. எதை எடுத்தாலும் கொழும்பு, கௌரி, ஸ்ரீகரன், மூதூர் போன்ற பெயர்களைக் கொடுத்துச் சோதித்துவிட்டு எடுங்கள். சிங்களப் பக்கத்தில் எஃப்எம் வகை எழுத்துருக்களுக்கும் இதே கதை, அதற்கு வேறு மாற்றி வேண்டும்.

ஒரு வரி பாமினியா ஆங்கிலமா என்று எப்படிப் பிரிப்பது? பெயர் அரைப்புள்ளியில் முடிகிறதா என்று பாருங்கள். ஆங்கிலப் பெயர் ஒருநாளும் அப்படி முடியாது. தமிழ்ப் பெயரோ குமார், ரஞ்சன், செல்வம் என்று புள்ளியில்தான் பெரும்பாலும் முடியும். கமலா, தேவி போன்ற பெயர்கள் இதில் தப்பிவிடும், அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இனி எதில் வைப்பது என்பது. மைஎஸ்கியூஎல்-இல் யூடிஎஃப்8எம்பி4 (யூடிஎஃப்-8-இன் முழு வடிவம்), வேறு பேச்சில்லை. 8-ஆம் பதிப்பில் அதுவே இயல்பு. வெறும் யூடிஎஃப்8 என்று அங்கே பெயரிட்டது மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காத குறைவடிவம். தமிழும் சிங்களமும் மூன்று பைட்டில் அடங்கும் என்பதால் பல வருடம் யாருக்கும் தெரியவில்லை. இமோஜி வந்ததும் உடைந்தது. 2019-இல் யூனிக்கோட்டில் சேர்ந்த பழைய தமிழ்ப் பின்னக் குறிகளும் நான்கு பைட்டுத்தான். டேபிளை மட்டும் மாற்றினால் போதாது, இணைப்பையும் அதே குறிமுறையில் திறக்க வேண்டும். டேபிள் சரி, இணைப்பு லத்தீன்1 என்றால் மேலே சொன்ன வட்ட 'ஆர்' திரும்ப வரும்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாலசுப்பிரமணியம் என்ற பெயரில் நம் கண்ணுக்குப் பத்து எழுத்து. யூனிக்கோட்டில் அது 16 குறியீடு, யூடிஎஃப்-8-இல் 48 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 15 பைட். மைஎஸ்கியூஎல்-உம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸும் கொலத்தின் நீளத்தைக் குறியீடுகளாக எண்ணும், ஒராக்கிள் சொல்லாவிட்டால் பைட்டாக எண்ணும், எஸ்கியூஎல் சேர்வரின் வார்சாரும் பைட்டாகவே எண்ணும். நாற்பது போதும் என்று ஆங்கிலத்தை வைத்து முடிவெடுத்த படிவங்களில் நம்மவர் பெயர் பாதியில் நிற்பது இதனால்தான்.

அடுத்தது தேடலும் வரிசையும். கண்ணுக்கு ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் சொற்கள் தமிழில் உண்டு. ஒகரக் குறியை ஒன்றாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாகவும் வைக்கலாம். இரண்டும் ஒன்று என்று யூனிக்கோட்டே சொல்வதால், என்எஃப்சி என்ற சீராக்கத்தைப் பதியும்போதே ஓடவிட்டால் தீர்ந்துவிடும். ஆனால் கௌரியைக் கொம்பும் ளகரமுமாக 'கெளரி' என்று தட்டுகிறார்களே, அதை எந்தச் சீராக்கமும் தொடாது, ஏனென்றால் ளகரம் உண்மையான எழுத்து. ஸ்ரீ இன்னும் சிக்கல்: ஸகரத்தோடும் எழுதலாம், 2005-இல் சேர்ந்த ஶகரத்தோடும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே படம். ஸ்ரீகரனைத் தேடினால் பாதிப் பேர்தான் வருவார்கள். தேடலுக்கென்று இன்னொரு கொலம் வைத்து, இவற்றை அதில் ஒரே வடிவமாக்கிவிடுங்கள், ஆள் எழுதிய வடிவத்தைத் தொடாதீர்கள். அந்தக் கொலத்திலும் சிங்களத்தின் சுழிய அகல இணைப்பானை நீக்கிவிட வேண்டாம். அதன் எண் 8205. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது இல்லாவிட்டால் சிங்களத்தில் 'ஸ்ரீ' சேர்ந்து வராமல் உடைந்து நிற்கும்.

வரிசைக்கு நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. மாத்தளை, மாத்தறை இரண்டையும் வெறும் குறியீட்டு எண்படி வரிசைப்படுத்தினால் மாத்தறை முதலில் வரும், யூனிக்கோட்டில் றகரம் ளகரத்துக்கு முன்னால் இருப்பதால். நம் நெடுங்கணக்கில் ள முதலில், ற பிறகு. யூனிக்கோட்டின் பொதுக் கொலேஷன் இதைச் சரியாகச் செய்கிறது. ஆனால் அகராதியில் 'அக்கம்' முதலில், 'அகம்' பிறகு என்று வருமே, அந்தப் புள்ளி முறைக்குத் தமிழுக்கென்று தனி விதி வேண்டும். மைஎஸ்கியூஎல்-இல் சிங்களத்துக்கு ஒரு கொலேஷன் உண்டு, தமிழுக்கு இல்லை. போஸ்ட்கிரெஸில் 10-ஆம் பதிப்பிலிருந்து ஐசியூ என்ற யூனிக்கோட் மென்பொருள் நூலகம் வழியாகத் தமிழ்க் கொலேஷன் கிடைக்கிறது. நீங்கள் மைஎஸ்கியூஎல்-இலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால், ஐசியூவைக் கொண்டு வரிசைச் சாவியைக் கணித்து ஒரு கொலத்தில் வைத்துக்கொள்ளலாம். மொத்த வியாபாரப் பட்டியலுக்கு இது அவசியமா என்றால், இல்லை. வாக்காளர் பட்டியல், பாடசாலைப் பதிவேடு என்றால் கட்டாயம்.

இப்போது வேலையை எப்படிச் செய்வது. பழைய டேட்டாபேஸை முழுதாக ஒரு பிரதி எடுத்து, அதன் மேல் யாரும் எழுத முடியாதபடி பூட்டுங்கள். புதிய டேபிளில் பழைய பைட்டுகளை அப்படியே வைக்க ஒரு பைனரிக் கொலமும், மாற்றிய பெயருக்கு ஒரு கொலமும், எந்த வழியில் மாற்றினோம் என்று எழுத ஒரு கொலமும் வையுங்கள். 224-ஐ அடுத்து 174 அல்லது 175 இருந்தால் தமிழ் யூடிஎஃப்-8, 182 அல்லது 183 என்றால் சிங்களம், 63 மட்டும் இருந்தால் தொலைந்தது, சொல்லுக்குள்ளும் முடிவிலும் அரைப்புள்ளி போன்ற குறிகள் இருந்தால் பாமினி அல்லது எஃப்எம், மற்றது ஆங்கிலம். ஒவ்வொரு வகையிலும் ஒரு நூறு வரியை எடுத்து, தமிழும் சிங்களமும் தெரிந்த இருவரை உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தை ஓட்ட வேண்டும். எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்து பார்க்க வேண்டாம். பைலின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட் அடையாளம் இல்லாவிட்டால் அது 1252 என்று எடுத்துக்கொள்ளக்கூடும், சேமித்தால் அப்படியே சேமித்தும்விடும்.

தொலைந்த பெயர்களுக்குப் பழைய ரசீதுப் புத்தகமும் பதிவுப் படிவமும்தான் வழி. ஆங்கிலப் பெயர் பக்கத்தில் இருக்கிறதே, அதிலிருந்து தமிழை உண்டாக்கிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு இணங்காதீர்கள். ஆங்கிலத்தின் ஒரே 'எல்' நம்மிடம் ல, ள என்று பிரியும், ஒரே 'என்' ந, ன, ண என்று பிரியும், குறில் நெடில் அதில் தெரியவே தெரியாது. கடையில் தொலைபேசி எண்கள் இருக்கின்றன அல்லவா? அழைத்து, "உங்கள் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவீர்கள்?" என்று கேளுங்கள். சொல்லும்போதே எழுத்தைக் கூட்டிச் சொல்லச் சொல்லி, எழுதியதை வட்ஸ்அப்பில் அனுப்பி ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அதுவரை அந்தக் கொலம் வெறுமையாக இருக்கட்டும், கேள்விக்குறியோடு கடிதம் எதுவும் வெளியே போக வேண்டாம்.